ஐந்தாம் மாடிக்கு ஒரு துளை

சரவணம்பட்டியைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் இருக்கிற 'சிறுவாணிச் சாரல்' அடுக்ககத்துக்குச் சிறுவாணித் தண்ணீர் வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீர்தான் வருகிறது. அது தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் விழுந்து, மோட்டாரில் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து அறுபது வீடுகளுக்கும் இறங்குகிறது. இதுவரை இயற்பியல். இதற்கு மேல் சங்கம்.

குடியிருப்போர் நலச்சங்கம் தன் முதல் பொதுக்குழுவிலேயே 'நமது தண்ணீர் சிறுவாணித் தண்ணீரே' என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. சிறுவாணி இனிப்புக்குப் பேர்போன தண்ணீர்; வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. கோயமுத்தூரில் வீடு பார்க்க வருகிறவர் படுக்கையறையைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். ஆகவே சங்கம் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் பளிங்குத் தூண் ஒன்றை எழுப்பி, அதில் பித்தளைக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தது. குழாய்வழி என்பது இரண்டு முனைகள் கொண்ட பொருள். சங்கத்தின் பக்கத்து முனை முழுமையாகத் தயாராக இருந்தது. மறுமுனை காம்பவுண்டுச் சுவர்வரை போய், மண்ணுக்குள் காத்திருந்தது.

ஐந்தாம் மாடியில் சென்னகிருஷ்ணனும் அவர் மனைவி கீதாவும் குடியிருந்தார்கள். உடுமலைப்பேட்டையில் கொப்பரை வியாபாரத்தை முடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கலாம் என்று வந்தவர்கள். கீதாவுக்கு இடது சிறுநீரகம் பேருக்குத்தான் இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த வலது சிறுநீரகத்தில் கல். லேசர் வைத்து உடைத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். புரட்டாசியில வாங்க, ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம். இன்னொரு தடவ கல்லு வந்து அடைச்சா அந்தக் கிட்னி தாங்காது."

"எந்தத் தண்ணிங்க?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

"எதுவா இருந்தாலும் சரி. உள்ள போகணும். அவ்வளவுதான்."

உள்ளே போகவில்லை. கீதா காலையில் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு உட்காருவாள். இரண்டு மடக்குக்குமேல் இறங்காது, கரித்துக் குமட்டும். கோபப்படமாட்டாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். கேன் தண்ணீர் வாங்கலாம்தான். ஆனால் லிப்டில் கேன் ஏற்றக் கூடாது என்று சங்கத்தில் விதி இருந்தது. வீடு பார்க்க வருகிறவர்களும் அதே லிப்டில்தான் வருவார்கள். கேன்காரர் ஐந்து மாடி ஏற மறுத்தார். சென்னகிருஷ்ணன் தானே தோளில் தூக்கி ஏறினார். இரண்டாம் நாள் மூன்றாம் மாடியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதோடு கேன் முடிந்தது.

ஆகவே தண்ணீரைச் சுத்தம் செய்கிற பில்டர்.

காந்திபுரத்தில் கடை வைத்திருந்த அருண்குமார் நேரில் வந்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் பிடித்தான். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் தன் பாட்டில் தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் உள்ள ஒரு கருவியை நுழைத்து மின்சாரம் விட்டான். குழாய்த் தண்ணீர் நொடியில் செம்மண் குழம்பாகிவிட்டது.

"பாத்தீங்களா சார், இத்தன அழுக்கையுந்தான் தினம் குடிக்கறீங்க."

அது அழுக்கு அல்ல. கம்பியில் உள்ள இரும்பு கரைந்த துரு. உப்பு கூடின தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், இரும்பு கரையும். உப்பில்லாத தண்ணீரில் பாயாது. தங்கத்துக்கு இணையான தாதுச்சத்துள்ள தண்ணீரை வைத்தாலும் குழம்பாகத்தான் ஆகும். அருண்குமார் சொன்னது பொய். ஆனால் தண்ணீரில் உப்பு அதிகம் என்பது மட்டும் உண்மை. பொய்யான வழியில் உண்மைக்கு வந்து சேர்ந்த ஒரே மனிதன் இந்தக் கதையில் அவன்தான்.

எந்த பில்டர் என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. மணலும் பஞ்சும் மண்ணைத் தடுக்கும். கரி வாடையைப் பிடித்துக்கொள்ளும். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும். கரைந்துவிட்ட உப்பை இந்த மூன்றும் ஒன்றும் செய்யாது; அது தண்ணீரோடு தண்ணீராகக் கடந்துபோய்விடும். அதற்கு ஆர்.ஓ. வேண்டும். அதற்குள் சுருட்டிவைத்த மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சிறிய மோட்டார் தண்ணீரை அதன்மேல் வைத்து அழுத்தும். தண்ணீர் மறுபுறம் கசிந்து வரும்; உப்பு இந்தப் புறமே தங்கிவிடும். தங்கின உப்பை அங்கேயே விட்டால் சவ்வு அடைத்துக்கொள்ளும் என்பதால், மூன்று பங்குத் தண்ணீர் அதை அலசிக்கொண்டு வெளியே போகும், ஒரு பங்குதான் குடிக்கக் கிடைக்கும். சிங்குக்கு அடியில் வைக்கிற வகையில் எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மேலே தெரிவது கழுத்து வளைந்த ஒரு சின்னக் குழாய் மட்டும். அதற்குக் கிரானைட் மேடையில் ஒரு துளை போட வேண்டும்.

துளை போட்டால் சத்தம் வரும். சென்னகிருஷ்ணன் உடுமலைப் பக்கத்து மனிதர். அங்கே எதைச் செய்வதானாலும் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாமலிருப்பது பதில் மரியாதை. இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

செயலாளர் நரசிம்மலு நான்காம் மாடியில் இருந்தார்.

"ஏனுங்க, சிங்க்குல ஒரு பில்டரு வைக்கலாம்னு இருக்கேனுங்க. சித்த டிரில் சத்தம் கேக்கும். அதான் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..."

"தாராளமா வைங்க. இதெல்லாம் கேக்கோணுங்களா?" என்றார் நரசிம்மலு. பிறகு, பேச்சு நீள்வதற்காக மட்டும், "என்னத்துக்குங்க பில்டரு?" என்றார்.

"தண்ணி உப்பா இருக்குதுங்க. ஊட்டுல குடிக்க மாட்டேங்கறாங்க."

நரசிம்மலு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"செரிங்க. கமிட்டியில பாத்துக்கலாமுங்க."

'பாத்துக்கலாம்' என்பது அங்கே ஒரு நிலை. வேண்டுகோள் அதற்குள் போனால் கெட்டுப்போகாது, வெளியேயும் வராது. மறுநாள் அருண்குமார் டிரில்லோடு வந்தபோது, விஷயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லி வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

கிளப் ஹவுசில் கமிட்டி கூடியது; சென்னகிருஷ்ணனையும் அழைத்திருந்தார்கள். தலைவர் அங்கப்பன், ஸ்பின்னிங் மில் ஒன்றில் நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பேசும்போது இல்லாத நூற்பு இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசுவார். பொருளாளர் தாஜுன்னிசா, கோட்டைமேட்டில் பரம்பரையாக ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். நரசிம்மலு குறிப்பெடுத்தார்.

"பில்டரு வைக்கறதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையுமில்லீங்க," என்றார் அங்கப்பன். "நீங்க உப்புன்னு சொல்லிப்போட்டீங்க பாருங்க, அந்த வார்த்தைதானுங்க சங்கடம். உப்பு தண்ணியில இருந்தாப் பரவால்லீங்க, பேச்சுல வரப்படாது. தண்ணியில இருக்கறது நம்ம கேட்டைத் தாண்டிப் போகாது. பேச்சு போயிரும்."

"நா வெளிய யாருகிட்டயும் சொல்லலீங்க."

"பில்டரு சொல்லுமுங்களே. உங்கூட்டுக்கு நாலு பேரு வருவாங்க. என்னத்துக்குடா இங்க பில்டருன்னு யோசிப்பாங்க. சிறுவாணிங்கறது ஒரு எடத்துல இருந்து வார தண்ணி மட்டுமில்லீங்க. அது ஒரு நம்பிக்கை. நம்பிக்கையில போயி ஓட்டை போடறதாங்க?"

"ஓட்டை கிரானைட்டுலதானுங்க."

"அதான் சொல்ல வாரேன்," என்றார் அங்கப்பன்.

உண்மை நிலையை அறிய நேரடி ஆய்வு என்று முடிவானது. மூவரும் ஐந்தாம் மாடிக்கு வந்தார்கள். வந்தவர்களை உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம், மற்றதெல்லாம் அப்புறம்தான். கொடுத்ததை வாங்கிக் குடிப்பதும் வழக்கம். கீதா மூன்று டம்ளர்களில் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அவளிடம் வேறு தண்ணீர் இல்லை.

அங்கப்பன் அண்ணாந்து முழுவதையும் குடித்தார். கழுத்து நரம்பு மட்டும் ஒருமுறை எழுந்து அடங்கியது. நரசிம்மலு பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு நல்ல விலை இருக்கும்போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாஜுன்னிசா ஒரு வாய் வாங்கினார். அதை விழுங்கவில்லை, துப்பவும் வழியில்லை. ஆய்வு முடியும்வரை கன்னம் உப்பியபடியே, எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"பரிசுத்தமான தண்ணி," என்றார் அங்கப்பன். கண்ணில் நீர் கோத்திருந்தது. "அம்மணி, உங்க ஒடம்பு சித்த சொகமில்லாம இருக்கறதுனால நாக்கு அப்புடிக் காட்டுது. தண்ணி மேல தப்பில்லீங்க."

"இருக்குமுங்க," என்றாள் கீதா.

'பொருளாளர் மௌனமாக வழிமொழிந்தார்' என்று குறிப்பில் ஏறியது.

படியிறங்கும்போது நரசிம்மலு மட்டும் பின்தங்கி, சென்னகிருஷ்ணன் காதருகே சொன்னார்: "ஒரே ஒரு வழி இருக்குதுங்க. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க. மைக்குல வந்து, தண்ணி இனிப்பா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. பேச்சு நேராயிரும். அப்பறம் உங்க பில்டரு உங்க இஷ்டம்."

ஆடிப் பதினெட்டு அன்று பளிங்குத் தூணைக் கழுவி, பித்தளைக் குழாய்க்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, பூச்சுற்றி, முளைப்பாரி வைத்தார்கள். அறுபது வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். அங்கப்பன் குழாயைத் திருகினார். அடைபட்டிருந்த காற்று 'புஸ்' என்று வெளியே வந்தது. காற்று வந்த இடத்தில் தண்ணீர் வரும் என்று அங்கப்பன் விளக்கினார். அது சரிதான், குழாயின் மறுமுனை எதனோடாவது சேர்ந்திருந்தால். கைதட்டினார்கள். பிறகு அதே குழாயின்மேல், குடத்தில் கொண்டுவந்த போர்த் தண்ணீரை ஊற்றி அபிஷேகம் செய்தார்கள். முந்தின ஆண்டுகளில் செய்த அபிஷேகங்களால் பித்தளையில் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தது. பழைமையின் அடையாளமாக அதைச் சுரண்டாமல் விட்டிருந்தார்கள்.

சென்னகிருஷ்ணனை அழைத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். கூட்டத்தின் ஓரத்தில் கீதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி இனிப்பா இருக்குதுங்க," என்றார்.

நெடுநேரம் கைதட்டினார்கள். அங்கப்பன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ஒரு மனுசன் தன் தப்பை உணர்றது பெரிய குணமுங்க. நம்ம சென்னகிருஷ்ணன் பில்டருக்கு அனுமதி கேட்டிருந்தாரு. இப்ப அவரே தண்ணி இனிப்புன்னு சொல்லிட்டாரு. இனிப்பான தண்ணிக்கு பில்டரு என்னத்துக்குங்க? அதனால அந்த விண்ணப்பத்தை மகிழ்ச்சியோட முடிச்சு வைக்கறோம்."

சென்னகிருஷ்ணன் அதை யோசித்துப் பார்த்தார். தண்ணீர் உப்பு என்றால் பில்டர் அவதூறு. இனிப்பு என்றால் பில்டர் அனாவசியம். நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று தேடினார். பொங்கல் கொடுத்தார்கள், வாங்கிச் சாப்பிட்டார்.

ஆடி முடிவதற்குள் வலி வந்தது. ஒரு மத்தியானம். சென்னகிருஷ்ணன் உடுமலைக்குப் போயிருந்தார். கீதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தரச் சொல்லலாம் என்று ஒரு மாடி இறங்கி நரசிம்மலு வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி சாய்ப்ரியா திறந்தாள்.

"வாங்கக்கா. என்னங்கக்கா, முகமெல்லாம் இப்புடி இருக்குது? உக்காருங்க மொதல்ல. இந்தாங்க, தண்ணி குடிங்க."

கீதா வாங்கிக் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் நிற்காமல் இறங்கியது. அவள் டம்ளரைப் பார்த்தாள். "இன்னொரு டம்ளர் குடுக்கறீங்களா?" என்றாள். மூன்றாவது டம்ளருக்குச் சமையலறை வாசல்வரை தானே போனாள். சிங்க் ஓரத்தில் கழுத்து வளைந்த சின்னக் குழாய் இருந்தது. சாய்ப்ரியா அதன்மேல் பாத்திரம் துடைக்கிற துணியைப் போட்டாள்.

"கிச்சன் வேலை செஞ்சப்ப கூடவே வெச்சதுங்கக்கா," என்றாள். குரல் தாழ்ந்தது. "எல்லாரும் அப்புடித்தான் வெச்சாங்க. தலைவரூட்டுது சிம்னின்னு சொல்லிக் கொண்டுவந்தது. இதையெல்லாம் யாராச்சும் கேட்டுட்டு வெப்பாங்களாக்கா?"

"நாங்க கேட்டுப்போட்டோம்," என்றாள் கீதா.

கல் ஒன்று நகர்ந்திருந்தது. சிறியது, இரண்டு நாளில் தானாக வெளியேறியது. மறுநாளிலிருந்து, காலைப் பலகாரம் முடிந்ததும், கீதா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதலில் சாய்ப்ரியா வீடு. "சும்மா வந்தேன்." உட்காருவாள். தண்ணீர் வரும். குடிப்பாள். இன்னொன்று கேட்பாள். அடுத்து தாஜுன்னிசா வீடு. அடுத்து அங்கப்பன் வீடு. பிறகு கீழ் மாடிகள். வேறு எதையும் கேட்கவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கவும் கை வரவில்லை.

அவள் நாக்கு தேர்ந்துவிட்டது. எந்த வீட்டில் கரி மாற்ற வேண்டும், எந்த வீட்டில் சவ்வு போய்விட்டது என்று ஒரு மடக்கில் தெரிந்தது. "உங்களுது சித்தக் கரிக்குதுங்க, சர்வீஸ் சொல்லுங்க," என்பாள். அங்கப்பன் மனைவி மறுநாளே ஆளை வரவழைத்தாள்.

புரட்டாசியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையை நெடுநேரம் பார்த்தார். புதிதாகக் கல் எதுவும் இல்லை.

"தண்ணி ஒழுங்கா குடிச்சீங்களா?"

"எல்லாரூட்டுலயும் குடிச்சேனுங்க."

"ரொம்ப நல்லது. இதே மாதிரி ஆயுசுக்கும் குடிங்க."

கீதா இதைச் சாய்ப்ரியாவிடம் சொன்னாள். ஆயுசுக்கும் என்ற சொல் அன்று மாலைக்குள் எல்லா மாடிகளுக்கும் போய்விட்டது. அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

"அந்தம்மா வந்தா ஒண்ணு ரெண்டு டம்ளர் இல்லீங்க," என்றார் நரசிம்மலு. "சிங்க்குக்கு அடியில பில்டரோட இருக்கற சின்ன டேங்க் காலியாயிருது. திரும்ப ரொம்பறதுக்கு மணிக்கணக்காகுது. எங்கூட்டுல உலை வைக்கத் தண்ணியில்லாம உக்காந்திருக்காங்க."

"வர வேண்டாம்னு சொல்ல முடியுங்களா?" என்றார் தாஜுன்னிசா.

"தாகத்துக்கு வாரவங்களை எப்புடிங்க சொல்றது? பாவமுங்க," என்றார் அங்கப்பன். அவர் உண்மையாகவே வருந்தினார்.

"அப்ப மாடித் தொட்டித் தண்ணியே குடுத்துப் பாக்கலாங்களா?" என்றார் நரசிம்மலு.

அங்கப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, அது மனுசரு குடிக்கற தண்ணிங்களா?"

நரசிம்மலு பேனாவை மூடினார். குறிப்பில் எதுவும் ஏறவில்லை. பிறகு, ஐந்தாம் மாடி வீட்டில் 'அலங்காரக் குழாய்' ஒன்று பொருத்திக்கொள்ள, காரணம் குறிப்பிடாமல், ஒருமனதாக அனுமதி வழங்கப்பட்டது.

அருண்குமார் டிரில்லோடு வந்தான். துளையை மேற்பார்வையிட நரசிம்மலு நேரில் வந்து நின்றார். கிரானைட்டைத் துளைக்கும்போது நுனி சூடாகாமல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சென்னகிருஷ்ணன் சொட்டவிட்டார். சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் அருண்குமார் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தான். சிங்குக்கு அடியில் மோட்டார் முனகத் தொடங்கியது. இரண்டு மெல்லிய குழல்கள் வெளியே வந்தன. ஒன்று மேலே, வளைந்த குழாய்க்கு. இன்னொன்று கழிவுக் குழாய்க்குள். அதில் தண்ணீர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சென்னகிருஷ்ணன் மண்டிபோட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பையெல்லாம் வழிச்சுக்கிட்டுப் போற தண்ணி இதுதானுங்களே. இது எங்கீங்க போகுது?"

நரசிம்மலு முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி கேட்டீங்க. நம்ம சங்கத்தோட பெரிய சாதனையே அதானுங்க. அறுபது வீட்டு சிங்க் தண்ணியும் பின்னால இருக்கற குழிக்குப் போயி, ஜல்லியிலயும் மணல்லயும் வடிஞ்சு, நம்ம போருக்குப் பக்கத்துலயே எறங்குதுங்க. ஒரு சொட்டு வெளிய உடறதில்லீங்க. விருதுக்கே எழுதிப் போட்டிருக்கறோம்."

மணலில் மண் தங்கும். உப்பு தங்காது. அது போருக்குப் போய், தொட்டிக்கு ஏறி, வீடுகளுக்கு இறங்கி, ஒவ்வொரு வீட்டுச் சவ்விலும் தடுக்கப்பட்டு, மூன்று பங்குத் தண்ணீரோடு மறுபடி குழிக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடும். இத்தனை காலமும் ஐம்பத்தொன்பது வீடுகள் கழித்து அனுப்பியதைத்தான் கீதா சொம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னகிருஷ்ணனுக்கு அது முழுவதும், ஒரு கண்ணிகூட விடாமல், புரிந்தது.

"செரிங்க," என்றார்.

கீதா டம்ளரை எடுத்து வளைந்த குழாயைத் திறந்தாள். நூல் மாதிரித் தண்ணீர் விழுந்தது. நிறையும்வரை நின்று, குடித்தாள். டம்ளரை மறுபடி அடியில் வைத்தாள். அலமாரிக் கதவுக்குப் பின்னால் கழிவுக் குழலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சென்னகிருஷ்ணன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"மத்தியானத்துக்குள்ள இன்னும் ரெண்டு சொம்பு குடிக்கோணும்," என்றாள் கீதா.

"குடி," என்றார் அவர்.